கோடு போட்டுப் பேசுவது: டிசைனர்களின் ஸ்கெட்ச், வரைபடம், கணினி மாதிரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசைன் படிப்பவர்கள், டிசைனரிடம் வேலை கொடுப்பவர்கள், அவர் கொடுத்த படத்தை வைத்துப் பொருளைச் செய்பவர்கள் என்று மூன்று தரப்பிலிருந்தும் வரும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. அவசரமாக இருப்பவர்கள் நான்காவது கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள். மற்ற பதில்களில் பாதி அதிலிருந்துதான் வருகின்றன.

1. வாயால் சொன்னால் போதாதா? எதற்கு வரைய வேண்டும்?

'கைப்பிடி கொஞ்சம் வளைவாக இருக்கட்டும்' என்று ஐந்து பேரிடம் சொல்லிப் பாருங்கள். ஐந்து பேரும் சரி என்பார்கள். ஒவ்வொருவரும் தன் மனதில் இருக்கும் வளைவுக்குத்தான் தலையாட்டியிருப்பார். ஆளுக்கொன்றாக நினைத்திருக்கிறோம் என்பதே பொருள் கைக்கு வந்த பிறகுதான் தெரியும். ஒரு கோடு இழுத்துக் காட்டினால் அது அங்கேயே வெளிவந்துவிடும். 'இவ்வளவா? நான் நினைத்தது இதில் பாதிதான்' என்பார் ஒருவர். அவரை அப்படிச் சொல்ல வைத்தாலே படம் தன் வேலையைச் செய்துவிட்டது.

டிசைனர் தனக்காகவும் வரைகிறார். தலைக்குள் இருக்கும் வடிவத்தில் பிரச்சினையே இருக்காது. மூடி எந்தப் பக்கம் திறக்கிறது, திறந்தால் எதில் இடிக்கிறது, கீல் எங்கே உட்காருகிறது என்பதெல்லாம் மங்கலாகவே இருக்கும், மனமும் அதைக் கண்டுகொள்ளாது. காகிதத்தில் அப்படித் தப்பிக்க வழியில்லை. கோடு ஏதாவது ஓர் இடத்தில் போய் முடிந்தாக வேண்டும். முடிகிற இடத்தில் 'இது எதோடு சேர்கிறது?' என்ற கேள்வி எழும்.

2. எனக்குப் படம் வரையவே வராது. டிசைன் துறைக்கு வரலாமா?

வரலாம். ஒருவரின் முகத்தை அப்படியே வரையும் திறமை இங்கே அபூர்வமாகத்தான் தேவைப்படும். பெட்டி, உருளை, கூம்பு, கோளம் ஆகிய நான்கையும் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நம்பும்படி வரையத் தெரிந்தால் பெரும்பாலான பொருட்களை அவற்றிலிருந்து கட்டிவிடலாம். இது பயிற்சியால் வருவது.

தொடங்குகிறவர்கள் அதிகம் சறுக்குவது நீள்வட்டத்தில். சக்கரம், குவளையின் வாய், திருகு குமிழ் எல்லாமே சாய்வாகப் பார்க்கும்போது நீள்வட்டம்தான். அதன் குறுகிய அச்சு, அந்த உருளையின் நடுவே ஓடும் அச்சோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இந்த ஒரு விதி பிடிபட்டால், வரைந்த சக்கரங்கள் வண்டியிலிருந்து கழன்று விழுவதுபோல் தெரிவது நின்றுவிடும்.

அப்புறம், நீளமான கோட்டை மணிக்கட்டால் இழுக்காதீர்கள், தோளிலிருந்து இழுங்கள். போடுவதற்கு முன் பேனாவைக் காகிதத்தில் படாமல் அதே பாதையில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரே வீச்சில் போடுங்கள். சின்னச் சின்னதாகத் தேய்த்துத் தேய்த்துப் போட்ட கோட்டில் தயக்கம் தெரியும். ரப்பரைக் கொஞ்ச நாள் ஒளித்துவைப்பது நல்லது. தப்பான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டை அழுத்திப் போட்டால் கண் அதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

3. ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை விதமான படங்கள்?

படிக்கிறவர் வேறு வேறு ஆள் என்பதால். கட்டைவிரல் அளவுப் படங்கள் டிசைனருக்கே உரியவை. ஒரு பக்கத்தில் இருபது இருந்தாலும் தவறில்லை, மற்றவர்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்து, சக டிசைனரோடும் பொறியாளரோடும் பேசுவதற்கான விளக்கப் படம். இதில் பாகங்களைப் பிரித்துக் காட்டுவோம், அம்புக்குறி போடுவோம், ஒரு கையை வரைந்து அது எப்படிப் பிடிக்கிறது என்று காட்டுவோம். மூன்றாவது, முடிவெடுப்பவருக்கான ரெண்டரிங்: நிறம், பளபளப்பு, நிழல் எல்லாம் சேர்ந்தது. கடைசியாகச் செய்கிறவருக்கான தொழில்நுட்ப வரைபடம். அதில் அழகுக்கு வேலை இல்லை. அளவு, பொருள், எவ்வளவு பிசகலாம் என்ற டாலரன்ஸ், இவை தெளிவாக இருக்க வேண்டும்.

குழப்பம் பெரும்பாலும் ஒருவருக்கான படம் இன்னொருவர் கைக்குப் போகும்போதுதான் வருகிறது. பட்டறைக்கு ரெண்டரிங்கை அனுப்பினால் அவர்களாகவே அளவை ஊகிப்பார்கள். முதலாளியிடம் தொழில்நுட்ப வரைபடத்தை நீட்டினால் அவர் மரியாதைக்குப் பார்த்துவிட்டு 'நல்லா இருக்கு' என்பார். அந்தச் சம்மதத்தை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

4. டிசைனர்கள் வேண்டுமென்றே கரடுமுரடாக வரைகிறார்களே, ஏன்? கணினி இருக்கும்போது சுத்தமாகவே காட்டலாமே?

ஒரு படம் எவ்வளவு முடிந்ததுபோல் தெரிகிறது என்பதும் ஒரு செய்திதான். நடுங்கும் பென்சில் கோடு 'இன்னும் மாற்றலாம், சொல்லுங்கள்' என்கிறது. அதே வடிவத்தை மென்பொருளில் போட்டு, நேர்க்கோடாக்கி, வண்ணம் தடவி, நிழலோடு காட்டினால் 'முடித்துவிட்டோம், பிடித்திருக்கிறதா?' என்று கேட்பதாக ஆகிவிடும். பார்ப்பவரும் அதற்கேற்பத்தான் பதில் சொல்வார். ஸ்கெட்ச்சைப் பார்த்தவர் 'இந்தப் பொத்தான் இங்கே எதற்கு?' என்று அடிப்படையைக் கேட்பார். ரெண்டரிங்கைப் பார்த்தவர் 'நீலம் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கலாம்' என்பார். அடிப்படையைப் பற்றிக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். இவ்வளவு வேலை செய்துவிட்டார்களே என்ற எண்ணம்.

அதனால், எந்த அளவுக்கு முடிவாகியிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் படமும் முடிந்ததாகத் தெரிய வேண்டும். என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில் மென்பொருளை விடக் கற்றுக்கொள்ளக் கடினமானது இதுதான். ஒரே படத்திலேயே இதைச் செய்யலாம்: முடிவான பாகத்தை அழுத்தமான கோட்டிலும், இன்னும் யோசிக்கிற பாகத்தை லேசான உடைந்த கோட்டிலும் போட்டால், எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கணினியில் செய்யும்போது இது தானாக வராது. மென்பொருள் ஊகத்தையும் முடிவையும் ஒரே தடிமனில், ஒரே துல்லியத்தில் காட்டும். 'சுமார் 40 மில்லிமீட்டர்' என்று நினைத்து இழுத்தது திரையில் 40.37 என்று நிற்கும். அந்தத் தசமங்களைப் பார்த்தவர் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்றே நம்புவார். முதற்கட்ட மாதிரியை வெறும் சாம்பல் நிறத்தில் காட்டுவதும், அதன் மேல் டிரேசிங் பேப்பர் வைத்துக் கையால் வரைந்து அதைக் கொண்டுபோவதும் இதனால்தான். நேரம் வீணாகிறது என்று தோன்றும். ஒரு கூட்டத்திலாவது செய்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

5. ஸ்கெட்ச் அருமையாக இருந்தால் பொருளும் அருமையாக வருமா?

சிட்னி ஓபரா ஹவுஸைப் பாருங்கள். டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் 1957-இல் போட்டியில் வென்றபோது அவர் கொடுத்தவை பெரும்பாலும் கருத்தைக் காட்டும் படங்கள். பாய்மரங்கள்போல எழும் கூரைகள் யாரையும் மயக்கின. ஆனால் அந்த வளைவுகளுக்குத் திட்டவட்டமான வடிவக் கணக்கு எதுவும் அப்போது இல்லை. 1959-இல் அடித்தள வேலை தொடங்கிவிட்டது, கூரையை எப்படிக் கட்டுவது என்று தெரியாமலேயே. எல்லாக் கூரைத் துண்டுகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் மேற்பரப்பிலிருந்து வெட்டி எடுக்கலாம் என்ற தீர்வு 1961-இல்தான் கிடைத்தது. ஒரே வளைவு என்பதால் பாகங்களை ஒரே மாதிரி அச்சில் திரும்பத் திரும்ப வார்க்க முடிந்தது. கட்டடம் திறக்கப்பட்டது 1973-இல். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்ட செலவு 10 கோடியே 20 லட்சம் டாலரில் போய் நின்றது.

அந்த ஸ்கெட்ச் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. அது இல்லாவிட்டால் அந்தக் கட்டடமே இல்லை. கனவைச் சொல்வதற்காகப் போட்ட படத்தை வைத்து அடித்தளம் தோண்டியதுதான் வம்பு.

6. பெர்ஸ்பெக்டிவ், ஐசோமெட்ரிக், பிளான்–எலிவேஷன்: எதை எப்போது வரைவது?

கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று காட்டப் பெர்ஸ்பெக்டிவ். தூரத்தில் இருப்பது சிறுத்து, இணைகோடுகள் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி இதைச் செய்து காட்டினார்; 1435-இல் ஆல்பெர்ட்டி இதை முறையாக எழுதிவைத்தார். ஒரு குறை: இந்தப் படத்திலிருந்து நேரடியாக அளவு எடுக்க முடியாது.

அளவும் வேண்டும், பொருள் முழுதாகவும் தெரிய வேண்டும் என்றால் ஐசோமெட்ரிக். மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று 120 பாகையில் நிற்கும், மூன்றிலும் ஒரே அளவுகோல். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் 1822-இல் இதை விளக்கி எழுதினார். இயந்திரங்களைக் கழற்றி மாட்டும் உதவியாளர்களுக்குப் புரிய வேண்டும் என்பது அவர் தேவை. பெட்டியில் பிரித்து வரும் மேசை நாற்காலிகளைப் பூட்டச் சொல்லித்தரும் படங்கள் இன்றும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான்.

செய்கிறவருக்குக் கொடுக்க வேண்டியது பிளான், எலிவேஷன், செக்‌ஷன். மேலிருந்து ஒன்று, முன்னாலிருந்து ஒன்று, வெட்டிப் பார்த்தால் ஒன்று. இதற்குக் கணித அடித்தளம் போட்டவர் பிரான்ஸின் காஸ்பார் மோஞ்ச். கோட்டைகளைத் திட்டமிடும் வேலைக்காக அவர் கண்டுபிடித்த முறை பல ஆண்டுகள் இராணுவ ரகசியமாக வைக்கப்பட்டு, 1799-இல்தான் நூலாக வெளிவந்தது. ஒரு வரைபட முறையைப் பூட்டி வைத்தார்கள் என்றால் அதன் மதிப்பைப் புரிந்துகொள்ளுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. ஐரோப்பிய வழக்கில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும், அமெரிக்க வழக்கில் மேலே வரும். எந்த வழக்கு என்று சொல்ல முனை வெட்டிய கூம்பின் சின்னம் ஒன்று வரைபடத்தின் மூலையில் இருக்கும். அதைக் கவனிக்காமல் படித்தால் பொருள் இட வலம் மாறிச் செய்யப்பட்டுவிடும்.

7. அளவுக்கு வரையாத படம் தவறான படமா?

எதற்காக வரைந்தது என்பதைப் பொறுத்தது. லண்டன் சுரங்க ரயிலின் வரைபடத்தை ஹாரி பெக் 1931-இல் புதிதாக வரைந்தபோது தரையில் உள்ள நிஜ தூரத்தையே தூக்கிப் போட்டார். எல்லாக் கோடும் நேராக அல்லது 45 பாகைச் சாய்வில், நிலையங்களுக்கு நடுவே ஏறக்குறைய ஒரே இடைவெளி. முதலில் நிராகரித்தவர்கள் 1933-இல் வெளியிட்டார்கள். மக்கள் உடனே ஏற்றுக்கொண்டார்கள். வண்டிக்குள் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது எங்கே மாறுவது, இன்னும் எத்தனை நிறுத்தம் என்பது மட்டும்தான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து நடந்து போகக் கிளம்பினால் கால் வலிக்கும்.

அளவுக்கு வரையவில்லை என்றால் அதைப் படத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதியிருந்தாலும் யாராவது ஸ்கேலை வைத்து அளந்து பார்ப்பார்கள், அது வேறு விஷயம்.

8. கோட்டின் தடிமனுக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு?

தொழில்நுட்ப வரைபடத்தில் கோடுதான் இலக்கணம். அழுத்தமான தொடர்கோடு கண்ணுக்குத் தெரியும் விளிம்பு. விட்டுவிட்டு வரும் கோடு உள்ளே மறைந்திருக்கும் விளிம்பு. நீளமும் குட்டையும் மாறி மாறி வருவது மைய அச்சு. மெல்லிய கோடு அளவுக் குறிப்பு. ஐஎஸ்ஓ 128 என்ற தரவிதித் தொகுப்பு இவற்றைச் சொல்கிறது. வழக்கமான தடிமன்கள் 0.18, 0.25, 0.35, 0.5, 0.7 மில்லிமீட்டர். ஒவ்வொன்றும் முந்தையதைப்போல ஏறக்குறைய 1.4 மடங்கு. ஏ4, ஏ3, ஏ2 என்று காகிதம் பெரிதாவதும் இதே விகிதத்தில்தான். ஆகவே ஏ3 படத்தை ஏ2-வுக்குப் பெரிதாக்கினால் 0.35 கோடு 0.5 ஆகி, மறுபடியும் ஒரு தர அளவிலேயே வந்து நிற்கும். யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

ஸ்கெட்ச்சில் இந்த விதிகள் இவ்வளவு இறுக்கமில்லை. வெளி விளிம்பைக் கனமாகவும் உள்விவரத்தை மெல்லியதாகவும் போட்டாலே வடிவம் காகிதத்திலிருந்து எழுந்து நிற்கும்.

9. படத்தில் எழுத்து சேர்த்தால் படம் தோற்றுவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. 'இந்த இடம் ரப்பர்', 'இங்கே சொடுக்குச் சத்தம் கேட்க வேண்டும்', 'கட்டைவிரல் எட்டுகிறதா பார்' என்பவற்றை எந்தக் கோடும் சொல்லாது. தாராளமாக எழுதுங்கள். அளவுகளை மட்டும் ஒவ்வொன்றும் ஒரே ஓர் இடத்தில் எழுதுங்கள். இரண்டு இடத்தில் எழுதினால் திருத்தும்போது ஒன்று மட்டும் மாறும். பட்டறையில் இருப்பவர் மாறாததைப் பார்த்துத்தான் வெட்டுவார்.

10. கணினி எப்போது உள்ளே வந்தது? அதனால் என்ன மாறியது?

1963-இல் ஐவன் சதர்லாந்து என்ற ஆய்வு மாணவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். ஒளிப்பேனாவால் திரையிலேயே கோடு போடலாம். அதைவிடப் பெரிய விஷயம், 'இந்த இரண்டு கோடும் இணையாக இருக்கட்டும்' என்று கட்டளையிட்டால் நிரல் அதைக் காப்பாற்றியது. மூலப் படம் ஒன்றை மாற்றினால் அதன் நகல்கள் எல்லாம் சேர்ந்து மாறின. இன்று திரை டிசைன் செய்பவர்கள் காம்பொனென்ட் என்று பயன்படுத்துவதும், இயந்திர டிசைன் செய்பவர்கள் பாராமெட்ரிக் மாதிரி (ஓர் அளவை மாற்றினால் அதைச் சார்ந்தவையும் தானாக மாறுவது) என்பதும் அதன் வாரிசுகள்தான்.

கணினியில் வளைகோடு போடும் கணக்கு கார் தொழிலிலிருந்து வந்தது. சிட்ரோயென் நிறுவனத்தில் பால் டி கஸ்டல்ஜோ 1959-இலேயே அந்தக் கணக்கைப் போட்டுவிட்டார், நிறுவனம் அதை வெளியே விடவில்லை. ரெனோ நிறுவனத்தின் பியர் பெசியே பின்னர் தானாகவே அங்கு வந்து சேர்ந்து வெளியிட்டார். அதனால் எழுத்துரு முதல் லோகோ வரை எல்லா வளைவும் இன்று பெசியே வளைவு என்றே அழைக்கப்படுகிறது. முதலில் செய்தவரை விட வெளியே சொன்னவருக்குப் பெயர்!

1982-இல் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் வந்தபோது சாதாரண மேசைக் கணினியில் வரைபடம் போட முடிந்தது. ஆனால் அது பெரும்பாலும் பழைய வரைபலகையின் வேலையையே வேகமாகச் செய்தது. உண்மையான மாற்றம், படத்திலிருந்து மாதிரிக்கு நகர்ந்தபோதுதான் வந்தது. முன்பு பிளான் ஒன்று, எலிவேஷன் ஒன்று என்று தனித்தனியே வரைந்து, அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று மனிதர் சரிபார்ப்பார். இப்போது ஒரு முப்பரிமாண மாதிரியைக் கட்டினால் எல்லாத் தோற்றங்களும் அதிலிருந்து பிறக்கின்றன. 1994-இல் முதலில் பறந்த போயிங் 777 முழுக்கக் கணினியில் டிசைன் செய்யப்பட்ட முதல் பயணிகள் ஜெட் விமானம். 1997-இல் திறந்த ஸ்பெயினின் பில்பாவ் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்குக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி போட்டவை வெறும் கிறுக்கல்கள்போல இருக்கும். கையால் செய்த மாதிரிகளைக் கணினிக்குள் ஏற்றி, போர் விமானங்களுக்காக எழுதப்பட்ட கேட்டியா மென்பொருளில் ஒவ்வொரு வளைவையும் அளவாக்கித்தான் கட்டினார்கள். ஐந்தாவது கேள்வியில் பார்த்த சிட்னி ஓபரா ஹவுஸில், கிறுக்கலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே இல்லாத பாலம் இங்கே இருந்தது.

11. எந்த மென்பொருளைக் கற்பது?

உங்கள் படத்தை அடுத்து வாங்குகிறவர் எதைத் திறப்பாரோ அதை. திரை டிசைனுக்கு ஃபிக்மா. அச்சுக்கும் லோகோவுக்கும் இல்லஸ்ட்ரேட்டர் அல்லது இலவசமான இங்க்ஸ்கேப். இயந்திர பாகங்களுக்குச் சாலிட்வொர்க்ஸ் வகை. வளைவான வடிவங்களுக்கு ரைனோ. கட்டட யோசனையை வேகமாகக் காட்ட ஸ்கெட்ச்அப். ரெண்டரிங்குக்கும் அசைபடத்துக்கும் பிளெண்டர். ஒன்றை ஆழமாகக் கற்றால் இரண்டாவது வேகமாக வரும். எல்லாவற்றையும் நுனிப்புல் மேய்ந்து ரெஸ்யூமேயில் அடுக்குவதால் பயனில்லை.

12. காகிதமா, டேப்லெட்டா?

எது கையில் இருக்கிறதோ அது. டேப்லெட்டில் கோட்டை உடனே அழிக்கும் வசதி ஆரம்பத்தில் கெடுதல், போட்டுப் போட்டு அழித்து ஒரே படத்தில் உட்கார்ந்துவிடுவோம். பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் அப்படித்தான்: குமிழின் திருகை அழகாக வரைந்துவிட்டுப் பின்வாங்கிப் பார்த்தால் மொத்த விகிதமே தப்பாக இருக்கும். லேயர் மேல் லேயர் வைத்து முந்தைய படத்தைத் தொட்டுப் புதிது வரைவதற்கு டேப்லெட் அருமை.

13. நான் அனுப்பிய ஃபைல் அங்கே வேறு மாதிரி திறக்கிறது. யார் தவறு?

யாருடையது என்று தேடுவதற்கு முன் இதைக் கேளுங்கள். ஏர்பஸ் ஏ380 விமானத்தில் ஒவ்வொன்றிலும் 500 கிலோமீட்டருக்கு மேல் மின்கம்பி ஓடுகிறது. ஜெர்மனியில் ஹாம்பர்க் குழு கேட்டியாவின் நான்காம் பதிப்பில் வேலை செய்தது, பிரான்ஸில் துலூஸ் குழு ஐந்தாம் பதிப்பில். மாதிரிகள் ஒன்றோடொன்று சரியாக ஒத்துப்போகவில்லை. கம்பிக் கட்டுகளைக் கொண்டுவந்து பொருத்தும்போது நீளம் போதவில்லை. 2006-இல் இதனால் தாமதத்துக்கு மேல் தாமதம் அறிவித்து, முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் வாடிக்கையாளர் கைக்குப் போனது. இரு தரப்பும் ஒரே மென்பொருளைத்தான் வைத்திருந்தன என்பதைக் கவனியுங்கள்.

நம் அளவில் செய்ய வேண்டியவை எளிமையானவை. முழு வேலைக்கு முன் ஒரு சின்ன ஃபைலை அனுப்பித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இயந்திர மாதிரிகளை வேறு மென்பொருளுக்குக் கொடுப்பதென்றால் ஸ்டெப் (STEP) என்ற ஃபைல் வகை பொதுவாகப் பாதுகாப்பு. 3டி அச்சுக்குப் போகும் எஸ்டிஎல் ஃபைலில் வெறும் எண்கள்தான் இருக்கும், அலகு இருக்காது. மில்லிமீட்டரா அங்குலமா என்று தனியாக எழுதாவிட்டால் 25 மடங்கு பெரிதாக வந்து நிற்கலாம். அச்சு வேலையில் திரையின் பளிச்சென்ற பச்சையும் நீலமும் மையில் மங்கும், ஏனென்றால் திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது, மை ஒளியை விழுங்கிக் காட்டுகிறது. எழுத்துருவை உள்ளே பதிக்காமல் அனுப்பினால் தமிழ் எழுத்துக்கள் கட்டம் கட்டமாக வரும். எதை அனுப்பினாலும் கூடவே ஒரு பிடிஎஃப் வையுங்கள், 'இது இப்படித் தெரிய வேண்டும்' என்பதற்குச் சாட்சியாக.

14. வரைபடத்தில் சின்ன மாற்றம்தானே, போனில் சொன்னால் போதாதா?

போதாது. 1981 ஜூலை 17, அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி விடுதியின் உட்புற நடைபாலங்கள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். முதல் டிசைனில், கூரையிலிருந்து இறங்கும் நீண்ட கம்பிகளே மேல் பாலத்தின் வழியாகப் போய்க் கீழ்ப் பாலத்தையும் தாங்கின. அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது சிரமம் என்று ஒவ்வொரு கம்பியையும் இரண்டாக்கினார்கள். கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒன்று, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு இன்னொன்று. படத்தில் பார்த்தால் அற்ப வித்தியாசம். ஆனால் கீழ்ப் பாலம் இப்போது மேல் பாலத்தின் விட்டத்தில் தொங்கியது. அந்த இணைப்பின் மேல் விழுந்த சுமை இரண்டு மடங்கானது. மாற்றிய வரைபடம் பொறியாளர்களின் முத்திரையோடுதான் வேலைக்குப் போனது. அந்த இணைப்புக்கு யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

மாற்றத்தை வரைபடத்திலேயே மேகம்போல வளைத்துக் காட்டி, தேதி, திருத்த எண், யார் கேட்டார்கள், ஏன் என்று எழுதும் வழக்கம் இதற்காகத்தான். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் உண்மையானது' என்று ஃபைலுக்குப் பெயர் வைக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

15. ஆப், இணையதளம் எல்லாம் ஓடிக்கொண்டே இருப்பவை. அவற்றை நிலையான படத்தில் எப்படிச் சொல்வது?

ஒரு திரையை வரைவதில் பெரிய சிரமம் இல்லை. திரைகளுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பதை வரைவதில்தான் இருக்கிறது. முதலில் வெறும் பெட்டிகளும் அம்புகளும் போதும்: இங்கே தட்டினால் அங்கே, பணம் போகாவிட்டால் இங்கே திரும்பி. பிறகு வயர்ஃப்ரேம், நிறம் இல்லாமல், எது எங்கே எவ்வளவு பெரிதாக என்பது மட்டும். காகிதத்திலேயே திரைகளை வரைந்து, ஒருவரைத் 'தட்ட'ச் சொல்லி, நீங்களே கணினிபோல அடுத்த காகிதத்தை எடுத்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் பாதித் தவறுகள் தெரிந்துவிடும். 1996-இல் வந்த பாம் பைலட் (Palm Pilot) கையடக்கக் கருவிக்கு முன்னால் அதன் டிசைனர் ஜெஃப் ஹாக்கின்ஸ் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாராவது சந்திக்க நேரம் கேட்டால் அதை எடுத்துத் தட்டுவதுபோல நடித்துப் பார்த்தார். பையில் அடங்குகிறதா, எதற்கெல்லாம் எடுக்கிறோம் என்பதைக் கட்டை சொல்லிவிட்டது.

பலரும் மறப்பது மோசமான நாட்களை. பட்டியலில் ஒன்றுமே இல்லாதபோது திரை எப்படி இருக்கும்? இணைப்பு அறுந்தால்? பெயர் நாற்பது எழுத்து நீளமாக இருந்தால்? படங்களில் எப்போதும் அழகான குட்டிப் பெயர்களையே போடுகிறோம். தமிழில் வரப்போகும் திரை என்றால் தமிழ்ச் சொற்களையே போட்டு வரையுங்கள். நம் சொற்கள் நீளமானவை, கொக்கியும் சுழியும் மேலும் கீழும் இடம் கேட்கும். ஆங்கிலத்தில் கச்சிதமாக இருந்த பொத்தானில் 'பதிவிறக்கவும்' என்று போட்ட உடனே கதை தெரியும்.

16. கிளையன்ட்டுக்கு எத்தனை யோசனைகள் காட்டலாம்?

இரண்டோ மூன்றோ, நிஜமாகவே வேறுபட்டவை. எல்லாவற்றையும் ஒரே அளவு முடித்த நிலையில் காட்டுங்கள். ஒன்று ரெண்டரிங்காகவும் மற்றவை ஸ்கெட்ச்சாகவும் இருந்தால் ரெண்டரிங்தான் ஜெயிக்கும், யோசனை எதுவானாலும். உங்களுக்குப் பிடிக்காததைச் சும்மா எண்ணிக்கைக்காக வைக்காதீர்கள், அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

17. ரெண்டரிங் என்பதே ஒருவகை ஏமாற்றுத்தானே?

ஆக முடியும். அகலக்கோண லென்ஸில் சின்ன அறை மண்டபமாகத் தெரியும். சூரியன் வரவே முடியாத திசையிலிருந்து வெயில் வரும். நட்ட அன்றே மரம் முழுதாக வளர்ந்திருக்கும். கண்மட்டத்தில், நிஜத்தில் ஒருவர் நிற்கக்கூடிய இடத்திலிருந்து கேமராவை வைத்தாலே பாதி நேர்மை வந்துவிடும். வாங்குகிறவர் என்றால், அதே காட்சியைப் பிளானில் எங்கிருந்து பார்த்தது என்று கேளுங்கள். கேமரா சுவருக்கு வெளியே நிற்பது அடிக்கடி நடக்கும்.

18. ஏஐ சில நொடிகளில் படம் தருகிறதே. இனி ஸ்கெட்ச் எதற்கு?

2022-இல் மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவை எல்லோர் கைக்கும் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. நான்காவது கேள்வியில் சொன்ன சிக்கல்தான் இங்கே தலைகீழாக நிற்கிறது: எதுவும் முடிவாவதற்கு முன்பே எல்லாம் முடிந்ததுபோன்ற படம் வந்துவிடுகிறது. அந்த நாற்காலியின் கால் எதோடு இணைகிறது என்று கேட்டால் படத்துக்குத் தெரியாது. அதன் பின்புறத்தைக் கேட்டால் வேறொரு நாற்காலி வரும். அதை வெட்டி செக்‌ஷன் எடுக்க உள்ளே எதுவும் இல்லை.

மனநிலையும் நிறக்கூட்டும் தேடவும், பின்னணியை நிரப்பவும், 'இந்த மாதிரி வேண்டாம்' என்று சொல்வதற்கும் பயன்படுத்தலாம், நன்றாகவே உதவும். தெரிவு செய்த ஒன்றின் மேல் காகிதத்தை வைத்து நீங்களே கோடு போட்டுப் பாருங்கள், எந்த மூட்டு பொய் என்று சீக்கிரமே தெரியும். கிளையன்ட்டிடம் அதையே திட்டமாகக் காட்டினால் அவர் அந்தப் படத்தைப் பிடித்துக்கொள்வார், பிறகு அதைச் செய்ய முடியாது என்று நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும்.

19. போர்ட்ஃபோலியோவில் கிறுக்கல்களையும் வைக்கலாமா?

வையுங்கள். வேலைக்கு எடுப்பவர்கள் பளபளப்பான கடைசிப் படத்தை நிறையப் பார்த்திருப்பார்கள். நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பது நடுவில் உள்ள பக்கங்களில்தான் இருக்கிறது. அழகான கிறுக்கலைத் தேடி எடுக்காதீர்கள், ஒரு முடிவு மாறிய இடத்தைக் காட்டும் பக்கத்தை எடுங்கள். பக்கத்தில் ஒரு வரி போதும்: 'கைப்பிடியைப் பக்கவாட்டுக்கு மாற்றியது, மூடி இடித்ததால்.' போர்ட்ஃபோலியோவுக்கென்றே பிற்பாடு உட்கார்ந்து வரைந்த 'முதல் ஸ்கெட்ச்' அனுபவப்பட்ட கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ஸ்கேனர் இல்லையென்றால் நேரே மேலிருந்து, உங்கள் நிழல் விழாமல், பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். ரகசிய ஒப்பந்தம் போட்டுச் செய்த வேலை என்றால் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்காமல் அதில் ஒரு கோட்டைக்கூட வெளியே போடாதீர்கள்.